சிறுநீரக நோயை முன்வைத்து ஆய்வும் எழுத்தும்: வவுனியாவில் ஒரு வளர்ந்தோர் வகுப்பு

வவுனியா நகரில் சனிக்கிழமைகளில் நடைபெறும் வளர்ந்தோருக்கான ஆய்வு மற்றும் எழுத்துப் பயிற்சி வகுப்பை அண்மையில் நிறைவு செய்தேன். அதில் சேர்வது பயனுள்ளதா என்று பலரும் கேட்பதால் இதனை எழுதுகிறேன். போர்க்காலத்தில் பாடசாலையை இழந்தவர்களும், சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்தியவர்களும், இன்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ கமக்கார அமைப்பிலோ பொறுப்பேற்று அறிக்கையும் கோரிக்கைக் கடிதமும் எழுத வேண்டியிருப்பவர்களுமே இங்கு பெரும்பாலும் வருகின்றனர். இலக்கணத்தில் தொடங்காமல், முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே விடயத்தைப் பிடித்துக்கொண்டு செல்வதே இந்த வகுப்பின் தனித்தன்மை. காரணம் உறுதியாகக் கண்டறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்தான் அந்த விடயம்.

இதைவிடப் பொருத்தமான தெரிவு வன்னிக்கு இருக்க முடியாது என்பது என் எண்ணம். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த இந்நோய், நீரிழிவோ நீண்டகால உயர் குருதி அமுக்கமோ இல்லாத வயற்காரரையும் தாக்குகிறது. அம்மாகாணத்தில் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் மதவாச்சியும் பதவியாவும் எமக்கு அயல் ஊர்கள். சந்தேகிக்கப்படும் காரணிகளான கிணற்று நீர், களைநாசினி, கட்மியம் என்னும் பார உலோகம், வெயில் ஆகியவற்றில் பெரும்பாலானவை வகுப்பில் இருந்த எல்லோருடைய அன்றாட வாழ்விலும் உள்ளவை. ஆராய்ச்சியாளர்களிடையே முடிந்த முடிவு இன்னும் எட்டப்படாததால் மனனம் செய்து ஒப்புவிக்க விடை எதுவும் இல்லை, தேடியே ஆகவேண்டும்.

கற்பித்த முறைக்கு ஓர் உதாரணம் தருகிறேன். செட்டிகுளம் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர், "எங்கள் ஊரில் கிட்னி வருத்தம் வருவதற்குக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம்" என்று எழுதியிருந்தார். ஆசிரியை அதனை வெட்டவில்லை. நோயாளர் என்று யாரைச் சொல்கிறீர்கள், அவர்களின் கிளினிக் கொப்பியில் என்ன எழுதப்பட்டுள்ளது, அவர்களுக்குச் சீனி வருத்தம் இல்லை என்று தெரியுமா, அதே தண்ணீரைக் குடித்துச் சுகமாக இருப்பவர்கள் இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சில வாரங்களின் பின் அந்த வசனம் இவ்வாறு மாறியிருந்தது: "எங்கள் ஒழுங்கையில் சிறுநீரக நோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் நான் பேசிய அனைவரும் பல ஆண்டுகளாகக் குழாய்க்கிணற்று நீரைக் குடித்தவர்கள். அதே நீரைக் குடித்தும் நோய் கண்டறியப்படாதவர்களும் உள்ளனர். இங்குள்ள கிணறு எதுவும் இதுவரை பரிசோதிக்கப்படவில்லை." பிரதேச சபைக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தில் முதல் வசனத்தை எவரும் ஒரு சொல்லில் மறுத்துவிடலாம், இரண்டாவதை வாசிப்பவர் தண்ணீரைப் பரிசோதிக்காமலிருக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

எண்களை வாசிக்கப் பழக்கிய பகுதியும் மிகச் சிறப்பானது. பயிற்சிக்காகத் தரப்பட்ட மாதிரி நீர்ப்பரிசோதனை அறிக்கையில் புளோரைட்டின் அளவு லீற்றருக்கு 1.2 மில்லிகிராம் என்றிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு 1.5 என்பதால் பிரச்சினையில்லை என்று ஒரு குழு எழுதியது. இலங்கைத் தர நிர்ணயத்தின் எல்லை 1.0 என்பதால் அளவு கூடியுள்ளது என்று மற்றக் குழு எழுதியது. எந்த அளவுகோலைக் கொண்டு பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல் "அதிகம்", "குறைவு" என்று எழுதலாகாது என்பதை விளக்கவுரை ஏதுமின்றியே எல்லோரும் விளங்கிக்கொண்டனர். உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் இணைந்து நடத்தி 2013இல் வெளிவந்த ஆய்வையும் இப்படியே அணுகினோம். நோயின் பரவலை அது அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களிலேயே அளந்தது. அதில் வரும் விகிதத்தை எடுத்து வவுனியாவுக்கோ முல்லைத்தீவுக்கோ பொருத்தி எழுதிய கட்டுரைகள் அனைத்தும் திருத்தத்துக்காகத் திரும்பி வந்தன. கிளைபோசேட் என்ற களைநாசினியை இந்நோயுடன் தொடர்புபடுத்தி 2014இல் வெளியான கட்டுரை தன்னைக் கருதுகோள் என்றே சொல்லிக்கொள்கிறது என்பதும், அதற்கு இலங்கையில் 2015இல் வந்த தடை 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது என்பதும் ஒரு மாலைப்பொழுதில் பேசி முடிக்கப்பட்டன.

அயலவரிடம் நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன் அனுமதி பெறுவது, பெயரையும் வீட்டையும் அடையாளம் காட்டாமல் எழுதுவது ஆகியவற்றுக்கு ஒதுக்கிய நேரத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஒருவருக்கு இந்த நோய் இருப்பது ஊரில் தெரிந்தால் பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வரை அது போய்ச் சேரும்.

குறைகளும் உண்டு. வெப்பத்தில் நீரிழப்புடன் செய்யும் கடும் உழைப்பும் ஒரு காரணியாக இருக்கலாம் என்ற கருத்து, எல் சல்வடோர், நிக்கராகுவா ஆகிய நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையே காணப்படும் இதையொத்த நோயை முன்னிட்டுப் பல காலமாக ஆராயப்படுகிறது. ஆவணி வெயிலில் வயலில் நிற்பவர்களே அமர்ந்திருக்கும் வகுப்பில் இதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படாதது பெரிய விடுபடல். அடுத்தது வாசிப்புப் பொருள். மூல அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆசிரியை தயாரித்த தமிழ்ச் சுருக்கங்களையே நம்ப வேண்டியிருந்தது. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஆங்கிலம் தெரிந்த சிலருக்கே கிடைத்தது. ஆய்வைப் பயிற்றுவிக்கும் வகுப்பு இதனைச் சிறிய விடயமாகக் கொள்ளலாகாது. ஓர் அறிக்கையின் முக்கிய அட்டவணைகளையாவது முழுமையாகத் தமிழில் தர வேண்டும்.

கட்டணம் சங்கங்கள் தாங்கக்கூடிய அளவிலேயே உள்ளது. கட்டுரைகளுக்கு எழுதித் தரப்படும் குறிப்புகள் அதற்கு மேலான பெறுமதி கொண்டவை. ஆனால் வகுப்பின் இறுதிப் பகுதி பெரும்போக அறுவடையோடு மோதியதால், நன்றாக எழுதத் தொடங்கியிருந்த பலர் கடைசிக் கட்டுரையை ஒப்படைக்காமலே நின்றுவிட்டனர். அடுத்த அணியைச் சித்திரைக்குப் பின் தொடங்குமாறு நடத்துநர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். சேர விரும்புபவர்களும் பதிவு செய்யும்போது அதனையே வலியுறுத்துவது நல்லது.