டெனோசுமாபா, சோலெட்ரோனிக் ஆசிடா?

மாதவிடாய் நின்றபின் வந்த எலும்புப்புரைக்கு (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) வாராந்திர மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஊசிக்கு மாறும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

போடும் முறை: டெனோசுமாப், 6 மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் 60 மி.கி.
சோலெட்ரோனிக், வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் 5 மி.கி., குறைந்தது 15 நிமிடம். முதல் தடவை ஓரிரு நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம்.

சிறுநீரகம்: கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம்) நிமிடத்துக்கு 35 மி.லி.-க்குக் கீழே என்றால் சோலெட்ரோனிக் கூடாது. டெனோசுமாப் போடலாம், ஆனால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நிறுத்தினால்: என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சோலெட்ரோனிக் எலும்பிலேயே தங்கி, நிறுத்தியபின்னும் சில காலம் காக்கும். டெனோசுமாப் அப்படியில்லை. ஊசி தள்ளிப்போனால், மருந்தால் கூடிய எலும்பு அடர்த்தி வேகமாகக் கரையும். ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் நொறுங்கியவர்களும் உண்டு. நன்றாக இருக்கிறதே என்று தயவுசெய்து நீங்களாக விட்டுவிடாதீர்கள். கடைசி ஊசி போட்டு 6 மாதம் ஆகும்போதே, டாக்டரிடம் பேசி சோலெட்ரோனிக் போன்ற ஒன்றுக்கு மாறிவிட வேண்டும்.

சரி, யாருக்கு எது? தேதி தவறாமல் வர முடியாதவர்களுக்கு சோலெட்ரோனிக். சிறுநீரகம் பலவீனமாகி, வீட்டில் தேதியை நினைவூட்ட ஆள் இருப்பவர்களுக்கு டெனோசுமாப். எதுவானாலும் பல் பிடுங்கும் வேலை இருந்தால் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள்.