‘24 மணி நேர அவசர சிகிச்சை’ போர்டை நம்பி அப்பாவைக் கொண்டுபோனேன் - தயவுசெய்து படியுங்கள்

தேனி மாவட்டத்தில் இருப்பவர்கள் மட்டுமில்லை, வீட்டில் வயதான அப்பா அம்மா இருக்கிற எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது, பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஊர் சின்னமனூர் பக்கம். போன மாதம் ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடிக்கப் போனார், டம்ளர் வலது கையில் நிற்காமல் நழுவி விழுந்தது. என்னப்பா என்று கேட்டால் பேச்சு குழறுகிறது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. மணி 9:20. பக்கவாதம் என்று எனக்கே புரிந்துவிட்டது. தம்பி காரை எடுத்தான், பக்கத்தில் இருக்கிற தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். வாசலில் 24 மணி நேர அவசர சிகிச்சை, சி.டி. ஸ்கேன் வசதி உண்டு என்று பெரிய போர்டு. 9:50க்கெல்லாம் உள்ளே போய்விட்டோம்.

முதலில் ஃபைல் போடச் சொன்னார்கள், அப்புறம் 20,000 ரூபாய் அட்வான்ஸ். கட்டினேன். டியூட்டி டாக்டர் பி.பி. பார்த்தார், 190க்கு மேல் இருந்தது, டிரிப் ஏற்றிவிட்டு ‘சி.டி. எடுக்கணும், ஆள் வந்துட்டிருக்கார்’ என்றார். பக்கவாதத்தில் மூளையில் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து ரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், அது தெரியாமல் அதற்கான மருந்தைத் தொடங்க முடியாது. அடைப்பு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, பொருத்தமான நோயாளிகளுக்கு அதை அறிகுறி ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பத்தரைக்குக் கேட்டேன், வந்துகொண்டிருக்கிறார். பதினொன்றரைக்குக் கேட்டேன், வந்துகொண்டிருக்கிறார். நடுவில் ஒரு ஆயா அப்பாவுக்கு வாயில் தண்ணீர் ஊற்ற, அவர் விழுங்க முடியாமல் புரை ஏறி மூச்சுத் திணறி, நான் கத்தி, அப்புறம்தான் ஒரு சிஸ்டர் ஓடி வந்தார். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதாம், இதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு மணிக்கு அந்த சிஸ்டரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அக்கா, ராத்திரியில சி.டி. எடுக்க இங்க ஆளே கிடையாது, காலையிலதான் வருவாங்க, நீங்க க.விலக்கு ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிடுங்க’ என்றார். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் அப்படிச் சொன்னார். அவருக்குக் கடைசி வரை நன்றி சொல்வேன். ஆனால் மூன்று மணி நேரம் போய்விட்டதே.

கிளம்புகிறோம் என்றதும் பில் போட அரை மணி நேரம். மருத்துவர் ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறோம் என்று எழுதிய தாளில் கையெழுத்து கேட்டார்கள், அந்தப் பதற்றத்தில் போட்டுக் கொடுத்தேன். உங்களுக்கு இப்படி நடந்தால் கையெழுத்துக்கு மேலே ‘சி.டி. எடுக்க ஆள் இல்லாததால் போகிறோம்’ என்று உங்கள் கையால் நேரத்தோடு எழுதிவிட்டுப் போடுங்கள், அந்தத் தாளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

108ஐ அழைத்து க.விலக்கு போய்ச் சேர 2:40. அங்கே முதல் கேள்வியே ‘கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?’ என்பதுதான். உடனே சி.டி. எடுத்தார்கள். அடைப்புதான். 9:20 என்று சொன்னதும் அந்த டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘ராத்திரி ஒரு மணிக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம்மா’ என்றார். போட்டிருந்தால் அப்பா முழுதாகச் சரியாகியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாய்ப்பையே அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள், அதுதான் ஆறவில்லை.

இன்னொன்று. கேஸ் ஷீட் (அப்பாவின் சிகிச்சைப் பதிவு) நகலை அந்தத் தனியார் மருத்துவமனையில் எழுதிக் கேட்டேன். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். அதில் அப்பா வந்த நேரம் 11:35 என்று போட்டிருக்கிறது! என்னிடம் இருக்கிற அட்வான்ஸ் ரசீதில் அச்சடித்த நேரம் 10:04. அந்த ரசீதை மட்டும் அன்று தூக்கிப் போட்டிருந்தால் என் பேச்சை யார் நம்புவார்கள்?

அதனால் ராத்திரியில் எங்கே போனாலும் ஃபைல் போடுவதற்கு முன்னால் வாசலிலேயே கேளுங்கள்: சி.டி. இருக்கிறதா என்று இல்லை, இந்த நிமிஷம் அதை எடுக்க ஆள் உள்ளே இருக்கிறாரா, கட்டி கரைக்கிற ஊசி இங்கே போடுவீர்களா. ஆள் வருகிறார் என்றால் நிற்காதீர்கள். முடிந்தால் முதலிலேயே 108ஐக் கூப்பிட்டுப் பக்கவாதம் மாதிரி இருக்கிறது என்று சொல்லுங்கள், நான் செய்யாமல் விட்டது அது.

மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் ரசீது, கேஸ் ஷீட் இரண்டின் நகலையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, அதற்கும் வக்கீலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு தினமும் பிசியோதெரபி நடக்கிறது. கால் கொஞ்சம் ஊன்றுகிறார். வலது கை இன்னும் வரவில்லை, பேச்சில் ‘வா’ மட்டும் தெளிவாக வருகிறது.