மதுரையிலிருந்து வந்த பழைய கேசட் டெக்கும் அதன் விளம்பரமும்

மண்டபத்தில் எங்களுக்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். உப்புக்காற்றில் எந்த ஆடியோ செட்டும் முன்னால் பளபளவென்றுதான் இருக்கும். திருப்பினால் ஒயர் செருகும் ஆர்சிஏ சாக்கெட்டெல்லாம் பச்சை பூத்திருக்கும். அதனால் பழைய ஆடியோ விளம்பரத்தில் நான் முதலில் தேடுவது பின்பக்கப் படத்தை. பெரும்பாலும் இருக்காது.

போன வருடம் "சூப்பர் கண்டிஷன்" என்ற இரண்டு வார்த்தையையும் ஒரே ஒரு படத்தையும் நம்பி ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினேன். முன்பக்கத் துணியைக் கழற்றியதும் கனத்த ஒலி தரும் வூஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் விரல் பட்டு உதிர்ந்தது. வயதானால் ஃபோம் தானாகவே மக்கிவிடும்; ரப்பர் என்றால் இன்னும் தாங்கும். துணியைக் கழற்றி ஒரு படம் போட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு, தெரிந்தே வாங்கியிருப்பேன்.

இந்த முறை வாங்கியது கேசட் டெக். வாப்பா சேர்த்து வைத்த நாகூர் ஹனீபா கேசட்டுகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன (ஹனீபா பிறந்தது நம் ராமநாதபுரத்தில்தான்). மதுரைக்காரர் ஒருவரின் விளம்பரம், பதினொரு படம். பின்பக்கம், மூடி திறந்த உள்பக்கம், டேப்பைப் படிக்கும் ஹெட், டேப்பை அழுத்தி நகர்த்தும் பின்ச் ரோலர், அப்புறம் வோல்ட் எழுதிய தகடு. இந்தத் தகட்டைப் படமெடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஜப்பானுக்குள் விற்ற செட் 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இதில் 220–240 என்று தெளிவாகத் தெரிந்தது.

எழுதியிருந்தது அதைவிட நன்றாக இருந்தது. பெல்ட் ஆறு மாதம் முன்பு மாற்றியது, ரெக்கார்ட் லெவல் குமிழைத் திருப்பினால் கரகரக்கும், 90 நிமிடக் கேசட்டை ரீவைண்ட் செய்தால் கடைசியில் திணறும், ரெக்கார்டிங் சோதித்துப் பார்க்கவில்லை. "சோதிக்கவில்லை" என்று ஒருவர் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஒர்க்கிங்" என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாமே. 4,500 ரூபாய் கேட்டார், பேரமே பேசவில்லை.

பஸ் பார்சலில் வந்தது. ரீவைண்ட் அவர் சொன்ன இடத்தில்தான் திணறுகிறது. கரகரப்பு காண்டாக்ட் கிளீனர் இரண்டு தடவை அடித்ததும் போய்விட்டது. ரெக்கார்டிங்கில் இடது சேனல் வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, சொல்லித்தானே விற்றார்.

குறை என்றால் பேக்கிங்தான். எப்படிக் கட்டி அனுப்புவார் என்று விளம்பரத்தில் இல்லை, நானும் கேட்கவில்லை. தெர்மாகோல் மேலே மட்டும் இருந்தது. அடிக்கால் ஒன்று உடைந்து வந்தது. எடையையும் பேக்கிங்கையும் ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும்.

நேற்று இரவு வாப்பாவின் 90 நிமிடக் கேசட் ஒன்றில் ஏ பக்கம் முழுக்க ஓடியது. 45 நிமிடமும் வேகம் தளரவில்லை. அந்தப் பழைய ஸ்பீக்கர்களை இப்போது விற்கப் போகிறேன். துணியைக் கழற்றி, உதிர்ந்த ஃபோமைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தாயிற்று.