பெரம்பூர் ஞாயிறு வகுப்பு: நிரல் பற்றி எழுத எதை எடுப்பது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நிரல் (கம்ப்யூட்டர் புரோகிராம்) எழுதக் கற்றுத்தரும் வகுப்பு இல்லை. பைத்தான், ஜாவா என்று ஏதோ ஒரு நிரல் மொழியில் ஏற்கெனவே கை பழகி, அதைப் பற்றித் தமிழில் எழுத ஆசைப்பட்டு, எதை எழுதுவது என்று புரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கான வகுப்பு. பெரம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். கீழே ஜெராக்ஸ் கடை, முதல் மாடியில் வீட்டுக்காரர், அதற்கு மேலே ஷீட் கூரை போட்ட ஒரு ஹால். பெயர்ப் பலகை கிடையாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடிய வேண்டும், பெரும்பாலும் ரெண்டு வரைக்கும் இழுக்கும். மாதம் 800 ரூபாய்.

நான் மண்ணடி, பிராட்வே பக்கத்துக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. வேலையில் பார்த்ததை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். அதற்காகப் போனேன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

நடத்துகிறவர் மென்பொருள் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் வெறும் சார்தான். போன உடனே நோட்டை எடுக்கச் சொல்லி, எழுத நினைத்திருக்கும் தலைப்புகளை வரிசையாக எழுதச் சொல்வார். பிறகு ஒவ்வொன்றாகப் படிக்கவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதுல யாரு, எங்க மாட்டிக்கிட்டு நின்னாங்க?" பதில் வந்தால் தலைப்பு நிற்கும். "பொதுவா எல்லாருக்கும் பயன்படும் சார்" என்று இழுத்தால் பேனாவால் ஒரு கோடு. கோபமெல்லாம் கிடையாது, காய்கறிக் கணக்கு பார்க்கிற சாவகாசத்தோடுதான் அடிப்பார்.

கோடு விழுவதில் முக்கால்வாசி 'பைத்தான் ஓர் அறிமுகம், பாகம் ஒன்று' வகை. அதை இன்றைக்கு எழுதுவது தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ஏற்கெனவே ஜவுளிக்கடைகள் நெரியும் எம்.சி. ரோட்டில் புதுசாக இன்னொரு ஜவுளிக்கடை போடுகிற மாதிரி. பைத்தானின் அதிகாரபூர்வ தளத்திலேயே நல்ல அறிமுகம் இலவசமாக இருக்கிறது. தமிழில்தான் வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலே பைத்தானைத்தான் சொல்லித்தருகிறது, பதினொன்றில் சி பிளஸ் பிளஸ். போதாக்குறைக்கு 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு 'ஃபார் லூப் என்றால் என்ன' என்று கேட்டால் யாருக்கும் அரை நிமிஷத்தில் பதில் கிடைத்துவிடுகிறது. அப்புறம் பாகம் இரண்டோடு நின்றுபோன தொடர்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை, நாம் வேறு ஒன்று சேர்க்க வேண்டுமா?

இந்த வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது காசிமேட்டுத் தம்பி ஒருவனால். டிப்ளமோ முடித்தவன், அப்பா மீன்பிடிப் படகில் போகிறவர். அவன் நோட்டில் முதல் தலைப்பு 'மெஷின் லேர்னிங் எளிய தமிழில்'. சார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பையன் முழித்தான். "சரி விடுப்பா, போன மாசம் நீ கம்ப்யூட்டர்ல எதுல தலையைப் பிச்சிக்கிட்டே?" என்று கேட்டதும்தான் வாய் திறந்தான்: "எங்கப்பா ஜிபிஎஸ்ல இருக்கிற நம்பரை மேப்புல போட்டா வேற எங்கியோ காட்டுது சார். படகு ஊருக்குள்ள நிக்குது."

சார் அவனை போர்டுக்குக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். அப்பாவின் கருவியில் துறைமுகம் இப்படிப் பதிவாகியிருந்தது: வடக்கு 13 டிகிரி 07.5 நிமிடம், கிழக்கு 80 டிகிரி 17.8 நிமிடம். பையன் நிரலில் அதை 13.075 என்றும் 80.178 என்றும் போட்டிருந்தான். நிமிடத்தை அப்படியே புள்ளிக்குப் பின்னால் ஒட்டிவிட்டான். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 7.5 ஐ 60 ஆல் வகுக்க வேண்டும், 0.125 வரும். 17.8 ஐ வகுத்தால் 0.2967. ஆக 13.125, 80.2967 என்று போட்டால் காசிமேடு. பையன் போட்டது கோயம்பேட்டுக்கு மேற்கே நெற்குன்றம் பக்கம், கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் தள்ளி, கடல் வாசனையே இல்லாத இடம். ஹாலில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

சார் மட்டும் சிரிக்கவில்லை. "இதான் உன் கட்டுரை. மெஷின் லேர்னிங்கை எழுத லட்சம் பேர் இருக்கான். இதை யாரு எழுதுவா?" என்றார். அதோடு விடவும் இல்லை. கூகுள் மேப்பில் 13 என்று போட்டு, ஓர் இடம் விட்டு 07.5 என்று நிமிடத்தைத் தனியாகப் போட்டாலே அது எடுத்துக்கொள்ளும் என்பதைக் காட்டினார். நிரலில் கொடுக்கும்போதுதான் வகுத்துத் தர வேண்டும். அந்த வித்தியாசமும் கட்டுரையில் வர வேண்டும், படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நிரலே தேவைப்படாமல் போகலாம் என்றார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

என் பட்டியலில் 'பில்லிங் மென்பொருள் செய்வது எப்படி' என்று பத்துப் பாகத் திட்டம் ஒன்று இருந்தது. அதைக் குடைந்து குடைந்து கடைசியில் ஒரே விஷயத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்: பைசாவை ரூபாயாக முழுமையாக்குவது. பைத்தானின் மூன்றாம் பதிப்பில் ரவுண்ட் என்ற ஃபங்ஷனுக்கு 112.50 கொடுத்தால் 112 வரும். 113.50 கொடுத்தால் 114 வரும். சரிபாதியில் நிற்கிற எண்ணை அது பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும். வங்கி ரவுண்டிங் என்று பெயர். முந்தைய பதிப்பான பைத்தான் இரண்டில் இப்படி இல்லை, பாதி என்றால் மேலேதான் போகும். ஜிஎஸ்டி கணக்கிலோ 50 பைசா அல்லது அதற்கு மேல் இருந்தால் அடுத்த ரூபாய். மண்ணடியில் ஆணி, தாழ்ப்பாள் விற்கிற பாய் இந்த வங்கிக் கதையெல்லாம் கேட்கமாட்டார். "அம்பது பைசா எங்க போச்சு தம்பி?" என்றுதான் கேட்பார், அதுவும் கடையில் ஆள் நிற்கும்போது. பைத்தானோடு வரும் டெசிமல் மாடியூலை எடுத்து 'ரவுண்ட் ஹாஃப் அப்', அதாவது பாதி என்றால் மேலே, என்று சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது. இரண்டு வரி வேலை. ஆனால் ஏன் அப்படி வருகிறது, எந்த பில்லில் கண்ணில் படும், பழைய நிரலைப் புதுப் பதிப்புக்கு மாற்றியவர்களுக்கு ஏன் திடீரென்று கணக்கு இடிக்கிறது என்று எழுத உட்கார்ந்தால் நிறைவான ஒரு கட்டுரை.

வியாசர்பாடியில் இருந்து வருகிற கல்லூரிப் பெண் ஒருத்தி எடுத்தது தமிழ் எழுத்து எண்ணுவது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. கண்ணுக்குத் தெரிவது மூன்றுதான். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். அதையே திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முன்னால் அனாதையாக வந்து நிற்கும், இகரக் குறி மகரத்தை விட்டு ழகரத்தில் ஒட்டிக்கொண்டு ழி ஆகிவிடும். திரையில் அதைப் பார்த்ததும் அவள் "அய்யோ" என்றாள். அதே பெண் கையில் இன்னொன்றும் இருந்தது: வருகைப் பதிவேட்டில் வரதன், வள்ளி, வனஜா என்று அகராதி வரிசையில் வர வேண்டிய பெயர்களை, நிரல் வனஜா, வரதன், வள்ளி என்று அடுக்குகிறது. யூனிகோடில் னகரத்தை நகரத்துக்கு அடுத்து வைத்திருக்கிறார்கள், நம் நெடுங்கணக்கில் அது கடைசி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, எனவே இதை எழுதவேண்டியது நாம்தான். கட்டாயம் நிரப்பச் சொல்லும் 'கடைசிப் பெயர்' கட்டத்தில் இன்ஷியலைப் போட்டுவிட்டு நாம் படுகிற பாடும் இதே கணக்கில் சேரும். அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வியில் தேறிய தலைப்புக்கு ஒரு சோதனை பாக்கி இருக்கும். மாட்டிக்கொண்டவர் தேடும்போது என்ன வார்த்தை போடுவாரோ, அதையே போட்டுத் தேடிப் பார்க்கச் சொல்வார். நிரல் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2008இல் இருந்து சேர்ந்துகிடக்கும் பதில்களில் நமக்கு வேண்டியது அப்படியே கிடைத்தால் விட்டுவிடலாம். பதில் இருந்தும் பழையதாக இருந்தால் அது நல்ல தலைப்பு. பைத்தான் இரண்டுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துபோயிற்று. ஆனாலும் பைத்தான் மூன்றில் செல்லாத, அடைப்புக்குறி இல்லாத பிரின்ட் வரிகளோடு பக்கங்கள் இன்னும் உலாவுகின்றன, புதுப் பிள்ளைகள் அதைப் போட்டுவிட்டு எரர் வருகிறது என்று நிற்கிறார்கள். 'எப்படி நிறுவுவது' என்ற வகைக் கட்டுரைகளுக்கு ஆயுள் குறைவு என்பதால் சாருக்கு அவை ஆகவே ஆகாது.

ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆரம்ப நிலைத் தலைப்பு என்றாலே கோடு போடுவது அதிகப்படி. தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் வந்தார். அவர் பிரச்சினை இது: நோட்ஸை வேர்டில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பிள்ளைகள் அதிலிருக்கும் நிரலை நகலெடுத்து ஓட்டினால் 'இன்வேலிட் கேரக்டர்' என்று நிற்கிறது. காரணம், நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறியை வேர்டு தானாகவே வளைத்துவிடுகிறது, வளைந்த குறி பைத்தானுக்குப் பிடிபடாது. நிரல் மொழியைப் பொறுத்தவரை இதைவிட ஆரம்ப நிலை வேறில்லை. ஆனால் தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் வருஷ லேபில் உட்காரும் பையனுக்கு அந்த ஆங்கில வரியைத் தமிழில் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டாமா? சார் கொஞ்சம் முகம் சுளித்தார். "யாரு மாட்டிக்கிட்டாங்கன்னு நீங்கதானே சார் கேட்டீங்க, என் பிள்ளைங்க இருபது பேரும்தான்" என்று அக்கா சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். எரர் செய்தியையே தலைப்பாக வைக்கலாம் என்று அவரே சேர்த்துச் சொன்னார், தேடுகிறவர்கள் அதைத்தானே அப்படியே ஒட்டித் தேடுவார்கள்.

இனி குறைகள். தலைப்பு பிடிப்பதோடு வகுப்பு முடிந்துவிடுகிறது, எழுத்துக்குக் கை கொடுக்கமாட்டார்கள். காசிமேட்டுத் தம்பி அத்தனை அருமையான தலைப்பை வைத்துக்கொண்டு முதல் பத்தியை 'இன்றைய நவீன உலகில் தொழில்நுட்பத்தின் பங்கு அளப்பரியது' என்று ஆரம்பித்திருந்தான். அதைப் படித்துத் திருத்த ஓர் அரை மணி ஒதுக்கினால் கட்டணத்தை ஆயிரமாக உயர்த்தினாலும் கொடுக்கலாம். மாட்டிக்கொண்ட கதை இல்லாத நல்ல தலைப்புகளும் இருக்கின்றன. ஒரு டேட்டாபேஸை விட்டு இன்னொன்றுக்கு ஏன் மாறினோம், எதை யோசித்து முடிவு செய்தோம் என்று எழுதினால் நான் விரும்பிப் படிப்பேன். அந்த மாதிரி எழுத்துக்கு இங்கே இடம் குறைவு.

வசதி பற்றிக் கேட்டால், சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் அந்த ஷீட்டுக்கு அடியில் உட்காருவது தண்டனை. இருக்கிற ரெண்டு ஃபேனும் சத்தத்தில் காட்டுகிற வேகத்தைக் காற்றில் காட்டாது. புரொஜெக்டர் கிடையாது, ஒரு பழைய மானிட்டரைச் சுற்றி எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கழிவறைக்கு முதல் மாடி வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். பெண்களும் வருகிற வகுப்பில் இதைச் சரி செய்தே ஆக வேண்டும், சாரிடமும் சொல்லிவிட்டேன். வைஃபை கிடையாது, போனில் டேட்டா இருக்கட்டும். டீ மட்டும் நன்றாக இருக்கும், கீழேயிருந்து வருகிறது. வண்டியில் வருகிறவர்கள் ஜெராக்ஸ் கடை வாசலை மறிக்காமல் விட வேண்டும். மழை நாளில் வியாசர்பாடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் சுரங்கப்பாதையை நம்பாமல் கிளம்புவது நல்லது. வகுப்பு முடியும் நேரத்துக்கு அந்தப் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை எதுவும் திறந்திருக்காது, சாயங்காலம்தான். அது சாரின் குற்றம் இல்லை.

சேர நினைப்பவர்கள் கடைசி ஒரு மாதத்தில் வேலையிலோ படிப்பிலோ எங்கெல்லாம் மாட்டினீர்கள் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். வெறும் கையோடு போனால் 800 ரூபாயை வாங்கமாட்டார், டீ கொடுத்து அடுத்த ஞாயிறு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்.