உதை வரும்போது விலகுவதா, தடுப்பதா, பிடிப்பதா, உள்ளே போவதா?

குத்து விழுந்தால் அந்த நேரம் வலிக்கும், அப்புறம் போய்விடும். தொடையில் விழுந்த உதை மறுநாள்தான் வேலையைக் காட்டும். போன வருஷம் ஒரு சனிக்கிழமை இரவு, என்னைவிடப் பத்துக் கிலோ கூடுதலான ஒருவரோடு மூன்று ரவுண்டு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) போட்டு, வந்த லோ கிக் (தாழ்வாகக் காலுக்கு வரும் உதை) அத்தனையையும் இடது தொடையில் வாங்கிவிட்டு, ஞாயிறு காலை அம்மாவோடு பத்துமலைக்குப் போனேன். 272 படியும் எப்படியோ ஏறிவிட்டேன். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கால் மடங்கியது, கடைசியில் அம்மாதான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தடுப்பை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

கோலாலம்பூர் செந்தூலில் கடைவரிசைக்கு மேலே இரண்டாவது மாடியில் பயிற்சி செய்கிறோம். வருகிறவர்கள் பல பக்கத்து ஆட்கள்: பள்ளியில் டேக்வாண்டோ கற்றவர்கள், கராத்தே கற்றவர்கள், கெடாவில் தோமோய் (முவே தாய் போன்ற மலேசிய உதைச்சண்டை) ஆடி வளர்ந்த ஓர் அண்ணன், சிலம்பத்திலிருந்து வந்த இரண்டு பேர். ஒரே உதைக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள், அவரவர் பதில்தான் சரி என்று அடித்தும் சொல்வார்கள். எல்லாரிடமும் உதை வாங்கிப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: சுற்றி வரும் உதையின் கனம் முழுவதும் கடைசி ஒன்றரை அடியில், அதாவது கணைக்காலின் கீழ்ப்பகுதியிலும் பாதத்திலும் இருக்கிறது. அந்த வளையத்துக்கு வெளியே நிற்கலாம், உள்ளே போய்விடலாம். வளையத்திலேயே நிற்பதாக இருந்தால் எலும்பைத்தான் கொடுக்க வேண்டும், சதையைக் கொடுக்கக் கூடாது.

முதலில் விலகுவது. டேக்வாண்டோ பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும், அவர்களுடைய விதியும் அப்படித்தான். உலக டேக்வாண்டோ போட்டிகளில் காலைத் தூக்கி எதிராளியின் உதையை மறித்தாலோ பிடித்தாலோ தண்டனை, எதிராளிக்கு ஒரு புள்ளி. அதனால் அவர்கள் தூரத்தை அளந்தே வளர்கிறார்கள். பின்காலை முதலில் நகர்த்தி அரை அடி போனால் உதை வயிற்றுக்கு முன்னால் காற்றில் போகும், அது கடந்த கையோடு திரும்பி உள்ளே வரலாம். லோ கிக்குக்கு முழு உடம்பையும் நகர்த்தக்கூட வேண்டாம், முன்காலை மட்டும் பின்னால் இழுத்தால் போதும். அடி வாங்காமல் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரே வழி இது, புதிதாக வருகிறவருக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். ஆனால் நேராகப் பின்னால் போகிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் கஷ்டம். எங்கள் ஹாலில் நான்காவது அடியில் சுவர் வந்துவிடும், நீளக்கால்காரர் ஒருவர் இரண்டு உதையைத் தொடர்ந்து போட்டால் இரண்டாவதுக்குப் போக இடம் இருக்காது. சிலம்பக்காரர்கள் இதில் கொடுத்து வைத்தவர்கள், அவர்கள் காலடி நேர்கோட்டில் போகவே போகாது.

அடுத்தது காலைத் தூக்கித் தடுப்பது, நாங்கள் செக் என்கிறோம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும், ஏனென்றால் தொடைக்கு வரும் லோ கிக்கை நின்ற இடத்திலேயே நிறுத்த வேறு நல்ல வழி இல்லை, ஆனால் இதைத்தான் எல்லாரும் அரைகுறையாகச் செய்கிறோம். முட்டியைத் தூக்கி உதை வரும் பக்கம் கொஞ்சம் வெளியே திருப்ப வேண்டும், பாதத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும், முழங்கை இறங்கி முட்டியோடு சேர வேண்டும், நடுவில் இடைவெளி இருந்தால் விலா போச்சு. உதை படவேண்டிய இடம் முட்டிக்குச் சற்றுக் கீழே, கணைக்கால் எலும்பு தடிமனாக இருக்கும் பகுதி. உதைப்பவருடைய எலும்பு மெலிந்த இடத்தில் வந்து நம்முடைய தடித்த இடத்தில் மோதுகிறது, கணக்கு அவ்வளவுதான். 2013 டிசம்பரில் யூஎஃப்சி 168 என்ற கலப்புச் சண்டைப் போட்டியில் ஆண்டர்சன் சில்வாவின் லோ கிக்கை கிறிஸ் வைட்மன் இப்படித்தான் தடுத்தார், சில்வாவின் இடது கால் அங்கேயே முறிந்தது. 2021 ஏப்ரலில் அதே வைட்மன் யூரையா ஹால் மீது போட்ட முதல் லோ கிக்கை ஹால் தடுக்க, இந்த முறை முறிந்தது வைட்மனின் கால். கால் முறிந்த இரண்டு பேரும் உலக சாம்பியனாக இருந்தவர்கள். ஆகவே ஸ்பாரிங்கில் ஷின் கார்ட் (கணைக்கால் கவசம்) இல்லாமல் முழு வேகத்தில் லோ கிக் வேண்டவே வேண்டாம், நம் காலுக்காக மட்டும் சொல்லவில்லை, எதிரில் நிற்கிறவர் காலுக்காகவும்தான்.

செக்கின் குறை, அதற்கு எடை மற்றக் காலில் இருக்க வேண்டும். பாக்ஸிங் போல முன்காலில் சாய்ந்து நிற்கிறவரால் அந்தக் காலை நேரத்துக்குத் தூக்க முடியாது. கெண்டைக்காலுக்கு வரும் தாழ்வான உதை இன்னும் மோசம், தூக்குவதற்குள் வந்துவிடும், முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்பில் பட்டால் பாதம் சிறிது நேரம் சொன்ன பேச்சைக் கேட்காது. அங்கே காலை அதிகம் தூக்காமல் முட்டியையும் பாதத்தையும் வெளியே திருப்பினாலே போதும்.

பிடிப்பது எல்லாருக்கும் ஆசை. உதையைப் பிடித்து ஆளைச் சாய்த்தால் ஹாலே திரும்பிப் பார்க்கும். மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட் போட்டியில் குத்துக்கு 1, உதைக்கு 2, ஆளை விழ வைத்தால் 3 புள்ளி, எனவே அவர்களுக்கு இது பெரிய சரக்கு. தோமோயிலும் முவே தாயிலும் இது ஒரு தனிக் கலை. சரியாகச் செய்ய வேண்டுமென்றால் உதை போகும் திசையிலேயே ஓர் அடி நகர்ந்து, வேகம் செத்த பிறகு கையைக் காலுக்கு மேலே சுற்றி அணைக்க வேண்டும், மற்றக் கை தாடையை விட்டு அசையக் கூடாது. நான் செய்தது வேறு. வருகிற உதையை நோக்கி விரலை விரித்துக் கையை நீட்டினேன். மோதிர விரல் வீங்கி, ஆறு வாரம் சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டேன். விரல் ஆறியது, ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்தைத் தோமோய் அண்ணன் காட்டினார். என் இடுப்புக்கு இரண்டு உதை போட்டார், மூன்றாவதும் அங்கேதான் என்று நான் கையை இறக்க, அவர் கால் என் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“தம்பி, கை எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

கீழே சுற்றி வரும் உதைக்குக் கையை அனுப்பவே கூடாது, கால் வேலையைக் கால் பார்க்கட்டும். முன்னங்கையால் உதையைத் தாங்குவதும் எனக்குப் பிடிக்காது. தலைக்கு வருவதை வேறு வழியில்லாமல் இரண்டு கையும் சேர்த்துத் தாங்கலாம், அதையே வழக்கமாக்கினால் இரண்டாவது ரவுண்டில் கையைத் தூக்க முடியாமல் போகும்.

என் ஓட்டு உள்ளே போவதற்குத்தான். சுற்றி வரும் உதை கிளம்பும்போது அவர் ஊன்றிய பாதம் வெளிப்பக்கம் திரும்பும், தோள் லேசாக அசையும். அதைப் பார்த்ததும் குறுக்காக அரை அடி உள்ளே வைத்தால் கணைக்கால் பட வேண்டிய இடத்தில் வெறும் தொடைதான் படும், தள்ளுகிற மாதிரி இருக்குமே தவிர வெட்டாது. அவர் ஒற்றைக் காலில் நிற்பார், நமக்கு இரண்டு காலும் தரையில் இருக்கும். விலகினால் மறுபடி தூரத்தைக் கடந்து வர வேண்டும், இங்கே ஏற்கெனவே வந்தாயிற்று. இதற்குத் துணிச்சல் தேவை, உடம்பு பின்னால் ஓடத்தான் பார்க்கும். எனக்கு எட்டு மாதம் ஆனது.

நேராக வயிற்றுக்கு வரும் டீப்புக்கு (பாதத்தால் தள்ளும் உதைக்கு) மட்டும் இந்த வழி ஆகாது, உள்ளே போனால் நாமே போய்க் குதிகாலில் மோதுவோம். அதற்குக் கையால் குதிகாலைப் பக்கவாட்டில் வாரிவிட்டு, உடம்பை மறுபக்கம் ஒதுக்க வேண்டும். இந்த வியாழன் அண்ணன் டீப் மட்டும்தான் போடப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார், நான் இப்படி வாரிவிட்டு ஒதுங்குவதை மட்டும் பழகப்போகிறேன்.