கனத்த கொடுவாத் துண்டுக்கு எது சரி: தோசைக்கல்லா, வாழையிலையா, தேங்காய்ப்பாலா?

நெத்திலியையும் மத்தியையும் எப்படிச் சமைத்தாலும் பெரிய சேதம் வராது. கொடுவா, கலவா போன்ற தடித்த வெள்ளைச் சதை மீன்கள் அப்படியல்ல. இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிய துண்டில், நடுச்சதை வேகுமுன் ஓரம் சக்கையாகிவிடும். மத்திக்கு இருக்கும் எண்ணெய்ப்பசை இதற்கு இல்லை என்பதால் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதலின்படி மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். வறுவலுக்குக் காய்ந்த கல்லோ 180 டிகிரிக்கு மேல் இருக்கிறது. எந்த முறை நல்லது என்ற கேள்விக்கு இந்த இடைவெளியில்தான் பதில் இருக்கிறது.

நம் வீடுகளில் மீன் என்றதும் கை தானாக மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் போகிறது. வஞ்சிரத்தை ஒல்லியாக வட்டமாக வெட்டினால் தோசைக்கல் வறுவலுக்கு ஈடு கிடையாது. அதே மசாலாவைக் கனத்த கொடுவாவில் தடவிப் போட்டால், உள்ளே வேகும்வரை காத்திருப்பதற்குள் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கிறது. மூடி போட்டால் உள்ளே வெந்துவிடும், மேலே மொறுமொறுப்பு போய்விடும். வறுவல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. தோலோடு, முள் நீக்கிய துண்டாக வாங்கி, ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி மிதமான தீயில் போடுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணாடி போலிருந்த சதை அடியிலிருந்து மெல்ல வெள்ளையாகிக்கொண்டே மேலேறுவது தெரியும். அந்த வெள்ளை முக்கால் உயரம் ஏறியதும் திருப்பிப் போட்டு ஒரு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். மசாலாவை மீனில் பூசாமல், தனியே எண்ணெயில் வதக்கி மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

என் ஓட்டு வாழையிலைக்கு. இதிலேயே மூன்று வழக்கங்கள் போட்டியிடுகின்றன. கேரளத்துப் பொள்ளிச்சதில் மீனை முதலில் அரைவாசி வறுத்து, வெங்காயம் தக்காளி மசாலா அப்பி, இலையில் கட்டி மறுபடி கல்லில் போடுகிறார்கள். தட்டையான முழுக் கரிமீனுக்கு அது பொருந்துகிறது. கனத்த துண்டை இருமுறை சூடேற்றுவது வீண் வேலை. பார்சிகளின் பத்ரானி மச்சியில் கொத்தமல்லி, தேங்காய், பச்சை மிளகாய் அரைத்த பச்சைச் சட்னி. அவர்கள் பெரும்பாலும் வாவல் மீனில் செய்தாலும் கொடுவாவுக்கும் அது நன்றாகவே பிடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதுவே பாதுகாப்பானது.

மூன்றாவது, வங்காளத்துப் பாத்துரி. கொல்கத்தாவில் பேட்கி என்று விலை பேசி வாங்குவது நம் கொடுவாவைத்தான். ஆக, இந்த மீனுக்கென்றே பழகிப்போன செய்முறை. ஊறவைத்த கடுகைப் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைக்க வேண்டும். வெறும் கடுகை அதிக நேரம் அரைத்தால் கசக்கும். தேங்காய்த் துருவல், மஞ்சள், ஒரு கரண்டி பச்சைக் கடுகெண்ணெய் சேர்த்து மீனில் பூசுங்கள். கடுகெண்ணெயின் காரநெடி ஆகாதவர்கள் நல்லெண்ணெய் ஊற்றட்டும். வங்காளிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மீன் கெட்டுவிடாது. நடுநரம்பு சீவிய இலையைத் தீயில் காட்டினால் பச்சை பளபளத்து இலை துவளும். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழிந்து, மசாலா எல்லாம் இட்லிப் பானைத் தண்ணீரில் போய்ச் சேரும். ஆவி வந்த பானையில் பன்னிரண்டு நிமிடம் போதும். ஆவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இலை அதையும் மட்டுப்படுத்துகிறது. மீன் விடும் சாறு வெளியே ஓடாமல் மசாலாவோடு கலந்து உள்ளேயே நிற்கிறது.

தேங்காய்ப்பால் மொய்லி இரண்டாவது இடத்தில் நிற்கிறது. சில நாட்களில் அதுவே முந்திக்கொள்ளும், முக்கியமாக விருந்தினர் எப்போது வருவார்கள் என்று தெரியாத நாட்களில். இலைப்பொதியைப் பிரித்த உடனே சாப்பிட வேண்டும். மொய்லி அரைமணி நேரம் பொறுத்திருக்கும். வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மஞ்சள் சேர்த்து, இரண்டாம் பாலில் மீனை மெல்லக் கொதியாமல் வேகவிட்டு, கடைசியில் முதற்பாலை ஊற்றி இறக்க வேண்டும். முதற்பால் தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். கரண்டியும் போடக் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். சிலர் மீனை முன்பே வறுத்துப் போடுகிறார்கள். கொடுவாவுக்கு அந்த வேலை தேவையில்லை.

ஓவன் வைத்திருப்பவர்கள் 200 டிகிரியில் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். குறையொன்றும் சொல்ல முடியாது, இலையின் மணம் மட்டும் கிடைக்காது.

எந்த முறையானாலும் சோதிக்கும் வழி ஒன்றே. மெல்லிய கத்தியைத் துண்டின் நடுவில் சில விநாடிகள் செருகி எடுத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வையுங்கள். நன்றாகச் சுட்டால் இறக்கிவிடலாம், வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் இரண்டு நிமிடம். மிச்சம் விழுந்தால் வறுவலை மறுநாள் சூடாக்கிப் பயனில்லை, மரக்கட்டையாகிவிடும். இலையில் வெந்ததை உதிர்த்து, சின்ன வெங்காயமும் மிளகும் தாளித்துப் புட்டாகக் கிளறிக்கொள்ளலாம்.