இளவரசி வேறு கோட்டையில்: முப்பது வருட விளையாட்டு அனுபவம்

"இந்தப் பெடியன் என்ன ஊமையோ?" என்று அம்மா கேட்டது 2018இல். அண்ணா கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து தந்த நின்டெண்டோ சுவிட்ச் விளையாட்டுக் கருவியை ஹோல் டிவியில் பொருத்தி, ஸெல்டா வரிசையில் அதற்கு முதல் வருடம் வந்த 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்' விளையாடிக்கொண்டிருந்தேன். இளவரசி ஸெல்டா கொட்டும் மழையில் சேற்றில் முழங்காலிட்டு அழுகிறாள். நான் ஆட்டுகிற வீரன் லிங்க் அவளைத் தாங்கிக்கொண்டு இருக்கிறான். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தா.

என்னிடம் பதில் இல்லை. 1995இலிருந்து இப்படியான வீரர்களின் கைகாலை ஆட்டிக்கொண்டிருப்பவள் நான். காட்டிலும் குகையிலும் கோட்டையிலும் எத்தனையோ இளவரசிகளைத் தேடியாயிற்று. தேடிப் போனவர்களில் அவளோடு மனிதர் மாதிரிக் கதைத்தவர்களாக எனக்கு நினைவிருப்பது இரண்டே பேர். அவர்களுக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது மஞ்சள் கசட் போடும் டிவி கேம். கசட்டின் மேல் 9999 என்று அச்சடித்திருக்கும். உள்ளே நாலைந்து விளையாட்டுகள்தான் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்று 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. அண்ணா மரியோ, நான் லுயீஜி. அண்ணா செத்தால்தான் என் முறை. ஒவ்வொரு கோட்டையின் முடிவிலும் காளான் தலைக்காரன் ஒருவன் நின்று, நன்றி மரியோ, இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறா என்று ஆங்கிலத்தில் சொல்வான். எனக்கு அப்போது ஆங்கிலம் ஓடாது. "இளவரசி சின்னம்மா வீட்ட போட்டாவாம்" என்று அண்ணா மொழிபெயர்ப்பார். ஏழு கோட்டைக்கும் அதே மொழிபெயர்ப்புத்தான். அவவுக்கு எத்தனை சின்னம்மா என்று எனக்கு ஒரே யோசனை.

எட்டாவது கோட்டையை ஒரு ஓகஸ்ட் லீவில் பிடித்தோம். இளவரசி நின்றா. நன்றி சொன்னா. உன் தேடல் முடிந்தது, இந்தா இன்னொரு தேடல் என்று அடுத்த வரி வந்தது. இரண்டு மாத உழைப்புக்கு அவ்வளவுதான் கூலி. அண்ணாவுக்கு அது பரவாயில்லை, அவருக்கு வேண்டியது கோட்டை. எனக்குத்தான் அந்த அக்கா இவ்வளவு நாளும் அங்கே தனியாக என்ன செய்துகொண்டிருந்தா என்று தெரியவேண்டியிருந்தது.

திருகோணமலையில் வளர்ந்தால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் சேர்ந்து வரும். இளவரசியைத் தூக்கிக்கொண்டு போன ஆள் எங்களுக்கு வெறும் வில்லன் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தால் இராவணன் வெட்டு. சுகமில்லாத தாய்க்காக மலையையே பெயர்க்கப் பார்த்தவன் என்பது ஊர்க் கதை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அவன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினவை என்பார்கள். அதனால் எனக்குச் சின்ன வயதிலேயே, மரியோவின் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகும் பௌசர் மேல் ஒரு கண். அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பா.

2017இல் வந்த 'சூப்பர் மரியோ ஒடிஸி'யில் கடைசியில் மரியோவும் பௌசரும் நிலவில் நின்று, ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டு, இளவரசி பீச்சின் முகத்துக்கு நேரே பூவை நீட்டுகிறார்கள். அவ இருவரையும் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கப்பலை நோக்கி நடக்கிறா. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தூக்கிக்கொண்டு போனவனும் அவவைக் கேட்கவில்லை, திருப்பிக் கொண்டுவர வந்தவனும் கேட்கவில்லை. 1986இன் 'டிராகன் குவெஸ்ட்' இதைவிட மோசம். நான் அதைப் பிற்காலத்தில் கைபேசியில் விளையாடினேன். குகையிலிருந்து மீட்ட இளவரசியைக் கையில் ஏந்திக்கொண்டே நாடு முழுக்க நடக்கலாம், கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று அவள் கேட்கும்போது இல்லை என்று சொன்னால் விளையாட்டு ஏற்காது. ஆம் என்று சொல்லும்வரை அதே கேள்விதான். இங்கே கேட்கப்படாதவன் வீரன்!

சரி, பெர்சியாவுக்கு வருவோம். என் ஆயுளில் அதிக மணித்தியாலம் போனது அங்கேதான்.

ஜோர்டன் மெக்னர் 1989இல் செய்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை நான் 1998இல், கொம்பியூட்டர் வகுப்பில் கண்டேன். இளவரசியின் அறையில் ஒரு மணல் கடிகாரம். அறுபது நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எங்கள் வகுப்பும் சரியாக ஒரு மணித்தியாலம், இடையில் கரண்ட் போகாவிட்டால். எட்டாவது கட்டத்தின் முடிவில் இளவரசன் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வான். திறக்கும் கல் அந்தப் பக்கம். என்ன செய்தாலும் நடக்காது. பேசாமல் நின்றால் ஒரு வெள்ளை எலி ஓடிவந்து கல்லில் ஏறும், கதவு திறக்கும். அந்த எலியை அனுப்பியது இளவரசி. அறைக்குள் பூட்டிக் கிடந்தபடி அவளால் செய்யக்கூடியதாக இருந்த ஒரே காரியம் அது, அதைச் செய்தாள். எனக்கு இன்றைக்கும் அந்த எலி போதும். அவள் காத்திருக்கும் பொம்மை இல்லை என்பதற்கு நீளமான வசனம் தேவைப்படவில்லை.

அப்போதிருந்துதான் என் கணக்கு மாறியது. இருவருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதை நான் இடையில் ஓடும் படக்காட்சியில் பார்ப்பதில்லை. என் விரலுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். 2001இல் வந்த 'ஈக்கோ'வில் கொம்பு முளைத்த பையன் யோர்டா என்ற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டையை விட்டு ஓடுகிறான். பிடித்த கை பிடித்தபடி இருக்க வேண்டுமானால் ஆர்1 பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. மச்சாள் வீட்டில் ஒரு கிழமை விளையாடியதில் சுட்டுவிரல் வலித்தது. பொத்தானை விட்டால் அவள் பின்னால் நின்றுவிடுவாள் என்பதற்காகவே வலியோடு பிடித்திருந்தேன்.

கதைத்தவர்கள் இரண்டு பேர் என்றேனே, இருவரும் பெர்சிய இளவரசர்கள்தான். 2003இன் 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' இளவரசன் ஃபராவோடு சண்டை பிடித்துக்கொண்டே திரிவான். அவள் இந்திய மகாராசாவின் மகள். அவனால் நுழைய முடியாத சுவர் வெடிப்புக்குள் அவள் நுழைந்து கதவைத் திறந்துவிடுவாள், தூர நின்று அம்பு விடுவாள், அவள் செத்தால் விளையாட்டும் முடிந்தது. நாங்கள் தவறி விழுந்து செத்தால், இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை என்று இளவரசனின் குரல் கதையைத் திருத்தும். யாருக்குக் கதை சொல்கிறான் என்பது கடைசியில்தான் தெரியும். காலத்தைப் பின்னுக்குத் திருப்பியதில் எல்லாவற்றையும் மறந்துபோன அதே ஃபராவுக்குத்தான். அவளுக்கு அவன் யாரோ. நீ யார் என்று கேட்கிறாள். காகொலூக்கியா என்று வைத்துக்கொள் என்கிறான். அவள் வேறு யாருக்கும் சொல்லாத, சின்ன வயது இரகசியச் சொல் அது. நான் அன்று இரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தன் பக்கம் மட்டும் நினைவாக மிஞ்சிய காதலை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறு விளையாட்டு எனக்குத் தெரியாது.

2008இல் அதே பெயரோடு வந்த அடுத்த கதையில் வீரன் இளவரசனே இல்லை. தொலைந்த கழுதையைத் தேடி வந்த ஊர்சுற்றி. கழுதையின் பெயர் ஃபரா! இளவரசி எலிக்கா. விழுந்தால் சாவு இல்லை, அவள் கை வந்து பிடித்து மேலே ஏற்றிவிடும். சாகவே முடியாத விளையாட்டு என்ன விளையாட்டு என்று பலர் அப்போது திட்டினார்கள். எனக்கு அதுவே பிடித்தது. யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதை எண்ணினால் கணக்கு அவள் பக்கம்தான் ஏறும். கதைப்பதற்கென்றே ஒரு பொத்தானும் உண்டு. அழுத்தினால் இருவரும் நின்று கதைப்பார்கள். ஊர், தாய், கடவுள், பகிடி. அழுத்தாமலே விளையாட்டை முடிக்கலாம். நான் ஒவ்வொரு இடத்திலும் புதுப் பேச்சுத் தீரும்வரை அழுத்துவேன்.

முடிவைத்தான் மன்னிக்க நேரமெடுத்தது. அரிமான் என்ற இருளைப் பூட்டுவதற்கு எலிக்கா தன் உயிரைக் கொடுக்கிறாள். தெரிந்தே கொடுக்கிறாள். அவள் உடலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கிடத்துகிறோம். பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. ஆனால் விளையாட்டு நிற்கவில்லை. வெளியே நாலு மரங்கள். வெட்டினால் அவள் உயிர் திரும்பும், இருளும் அவிழும். வெட்ட வேண்டியது என் கை. முன்பு அவள் அப்பாவும் மகளை இழக்கப் பொறுக்காமல் இதே பேரத்தைச் செய்தவர். நான் அந்த இடத்தில் கொம்பியூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனேன். அடுத்த நாள் வந்து வெட்டினேன். கண்ணைத் திறந்த எலிக்கா, ஏன் என்று ஒரே ஒரு சொல் கேட்கிறாள். அவளைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்த கூட்டத்தில் அப்போது நானும் ஒருத்தி.

இனி லிங்க். 2022இல், மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களில், பற்றரி உள்ளவரை சுவிட்ச்சைக் கையில் வைத்து அந்தப் பழைய 'ப்ரெத் ஆஃப் த வைல்ட்'டையே திரும்ப ஆடினேன். கோட்டைக்குள் நூறு வருடமாக ஸெல்டா அரக்கனைத் தனியாகப் பிடித்துவைத்திருக்கிறாள். நான் வெளியே காளான் பொறுக்கிக் கறி சமைக்கிறேன். 3,000 ருப்பிக்கும் முப்பது கட்டு விறகுக்கும் ஹட்டெனோ கிராமத்தில் வீடு வாங்குகிறேன். (அந்த நாட்டுப் பணத்துக்கும் பெயர் ருப்பி. எங்கள் ரூபா விழுந்துகொண்டிருந்த அந்த வருடத்தில் அது தனிப் பகிடி.) கோட்டையில் அவள் அறையில் ஒரு நாட்குறிப்பு கிடக்கும். அதில்தான் அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில். எல்லாக் கண்களும் தன்மேல் இருப்பதால் பாரத்தைப் பேசாமல் சுமக்க வேண்டும் என்று நினைப்பதாக அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அவன் வாய் திறந்ததும் அவள் எழுதித்தான் எங்களுக்குத் தெரிகிறது.

2023இல் வந்த அடுத்த பாகத்தில் என் வீட்டுக்குப் போனால் ஊரே அதை ஸெல்டாவின் வீடு என்கிறது. உள்ளே ஒரே ஒரு கட்டில். விளையாட்டு அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. "கட்டினவங்களோ இல்லையோ?" என்று அம்மா இரண்டு நாள் கேட்டா. நான் விளையாட்டைத் தயாரித்தவர்கள் மாதிரியே மௌனமாக இருந்துவிட்டேன்.

குறையும் உண்டு. பழைய காலத்துக்குப் போய் அகப்பட்ட ஸெல்டா, உடைந்த வாளைத் திருத்துவதற்காகக் கல்லை விழுங்கித் தன்னை மறந்த டிராகனாகி வானத்தில் சுற்றுகிறாள். நான் அவள் நினைவுகள் அடங்கிய கண்ணீர்த் துளிகளைத் தேடி முழுக் கதையையும் அறிந்துவிட்டேன். ஆனால் கீழே எல்லாரும் ஸெல்டா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், லிங்க் மேலே கையைக் காட்டக்கூட மாட்டான். அங்கே அந்த மௌனம் எனக்கு எரிச்சல். கடைசியில் அவள் வானிலிருந்து விழ, பின்னால் பாய்ந்து பிடிப்பது என் வேலை. தொடக்கத்தில் எட்டாமல் போன அதே கை.

2024இல் வந்த 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' இப்போது மகளின் கையில் இருக்கிறது. அதில் ஸெல்டாதான் நாயகி. லிங்க் தொடக்கத்திலேயே இருட்டு வெடிப்புக்குள் விழுந்துவிடுகிறான். சின்ன வயதில் ஒருமுறை அப்படி மறைந்து திரும்பியதில் அவனுக்குப் பேச்சுப் போனது என்று அதில் வரும். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நான் அண்டைக்கே சொன்னன்" என்றா. இதில் ஸெல்டாவும் வாய் திறப்பதில்லை. கொன்ட்ரோலர் யார் பக்கமோ அவருக்குப் பேச்சு இல்லை போல.

ஸெல்டா கண்ட பொருளைப் பிரதி எடுத்து உண்டாக்கலாம். மகளுக்குப் பிடித்தது பழைய கட்டில். கட்டிலுக்கு மேல் கட்டில் அடுக்கி மலை ஏறுகிறாள், ஆறு கடக்கிறாள், உயிர் குறைந்தால் அதிலேயே ஸெல்டாவைப் படுக்க விடுகிறாள்.

"லிங்க் உள்ளுக்க கிடக்கிறான், போய் எடன்" என்றேன்.

"நிக்கட்டும் அம்மா. இவ இப்பதான் படுத்தவ."